பிள்ளையை ஹோமில் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஹோம் (தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம்) தேடுகிற குடும்பத்துக்குப் பெரும்பாலும் அவகாசம் இருப்பதில்லை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அண்ணனுக்கு ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் போட்டிருப்பார்கள். பென்னாகரம் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பாவும் அம்மாவும், இருபது வயதுப் பையனைத் தகரக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்று தவிப்பார்கள். அந்த நெருக்கடியில் யாரோ தெரிந்தவர் சொன்ன இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். கேள்விகளெல்லாம் அப்புறம்தான் வருகின்றன. அவற்றை முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் குடும்பங்களுக்கானது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மனநோயாளிகளுக்கான இல்லம் வேறு, சட்டமும் வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. 'எல்லாரையும் சேர்த்துக்குவோம்' என்று சொல்லி முதியவர்கள், குடிநோயாளிகள், மனநோயாளிகள், நம் பிள்ளைகள் என்று ஒரே கூடத்தில் படுக்க வைக்கும் இடத்தை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க வசதியாக இருக்கும். நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்குப் பெரிய பாதுகாப்பு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து எட்டிப் பார்க்கிற சொந்தக்காரர்தான். அதனால் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பளபளப்பான இல்லத்தைவிட, டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சுமாரான இல்லம் மேல்.

முதலில், ஹோம்தான் வேண்டுமா?

நிறைய வீடுகளில் உண்மையில் தேவைப்படுவது பகல் நேரத்துக்கு ஓர் இடம். இல்லையென்றால் ஆபரேஷன், கல்யாணம், சாவு என்று வீடு திணறும்போது சில வாரங்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு. பகல்நேரப் பராமரிப்பு மையம், சிறப்புப் பள்ளி, வயது வந்தவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் எதுவெல்லாம் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறது என்ற பட்டியல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் கீழ், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக, சமர்த், கரோண்டா என்ற பெயர்களில் தங்கிப் பராமரிக்கும் திட்டங்களும் உண்டு. நம் மாவட்டத்தில் எந்த நிறுவனமாவது நடத்துகிறதா என்றும் கேளுங்கள்.

40 சதவீதமோ அதற்கு மேலோ அறிவுசார் குறைபாடு இருப்பவருக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஆள் வைத்துப் பார்க்க அது போதாது. ஆனால் வாங்காமல் விட்டிருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

சம்பந்தப்பட்டவரிடமும் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் 'அவனுக்கு என்ன தெரியும்?' என்பார்கள். நிறையவே தெரியும். பேச்சு வராதவருக்கும் பிடித்த இடம், பிடிக்காத இடம் உண்டு. பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மறுக்கிறாரா, சமையலறைப் பக்கம் நடந்து போய்த் தட்டை எடுக்கிறாரா என்று கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 5-ஆவது பிரிவு, குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

சேர்ப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID), ஆதார், மருத்துவச் சான்று ஆகியவை பெரும்பாலும் இருக்கும். விட்டுப்போவது சட்டப்படியான காப்பாளர் நியமனம்தான்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் வாங்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் தன் பெயரில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிற பிள்ளைக்கு, பெற்றோர் போன பிறகு இந்தக் கணக்குதான் காவல்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கும் தெரபிக்கும்கூட அதில் இடம் உண்டு.

பதிவுச் சான்று: இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்

2016 சட்டத்தின்படி பதிவுச் சான்று இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் தனியார் நடத்த முடியாது. அந்தச் சான்றை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். அதில் தேதி எதுவரை, எத்தனை பேருக்கு, எந்த வகைக் குறைபாட்டுக்கு என்று படியுங்கள். 'ரினியூவலுக்குக் குடுத்திருக்கோம்' என்றால் விண்ணப்பித்த நகலைக் கேளுங்கள். பிறகு நல அலுவலகத்தில் போய் அதே பெயரைச் சொல்லிச் சரிபாருங்கள். கட்டட உறுதிச் சான்று, பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

டிரஸ்ட் பதிவும் வருமான வரி விலக்குச் சான்றும் வேறு சங்கதி. நன்கொடை வாங்க அவை உதவும். ஆட்களைத் தங்க வைக்கும் அனுமதி ஆகாது.

சிறப்பாசிரியர், பேச்சு தெரபிஸ்ட் என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் அந்த வேலையைச் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எண் இருந்தால் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. முறையாகப் பதிவு பெற்றது. ஆள் ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம். அங்கே கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்ததும் தரையில் போட்டு அழுத்தியதும் 2011-இல் பிபிசி ரகசியக் கேமரா வைத்த பிறகே வெளியே வந்தது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள். அதற்கு முன்பே அங்கிருந்த நர்ஸ் ஒருவர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் புகார் சொல்லியிருந்தார், யாரும் அசையவில்லை. பதிவும் இருந்தது, பணமும் கொட்டியது, கேட்பார்தான் இல்லை.

நேரில் போய்ப் பார்ப்பது

ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு முறை சொல்லாமல் போங்கள். சொல்லாமல் போக நல்ல நேரம் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை. பகல் ஆட்கள் கிளம்பி, இராப் பொறுப்பு ஆட்கள் வந்து, சாப்பாடு, மாத்திரை, படுக்கை எல்லாம் நடக்கும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் மதிப்பிடாதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலும் யாராவது பிறந்தநாள் சாப்பாடு போட வந்திருப்பார்கள்; கேசரி இருக்கும், எல்லாரும் சட்டை மாற்றி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். (அந்த வரிசையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதை இல்லம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பெண்ணின் முகம் யார் யார் போனிலோ சுற்ற வேண்டிய அவசியம் என்ன?)

உள்ளே போனதும் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் விருதுகளைப் பார்க்காமல் பல் துலக்கும் பிரஷ்களைப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கிறதா, தனித்தனியாக வைத்திருக்கிறார்களா, உபயோகத்தில் தேய்ந்திருக்கிறதா? எல்லாமே புத்தம் புதிதாக இருந்தால் அது உங்களுக்காக வாங்கி வைத்தது. அடுத்து துணி. அவரவர் துணி அவரவருக்கா, ஒரே மூட்டையிலிருந்து எடுத்து மாட்டி விடுகிறார்களா? உள்ளாடைகூடப் பொதுவில் சுற்றும் இடங்கள் இருக்கின்றன. சொறி சிரங்கு அப்படித்தான் ஓர் ஆளிடமிருந்து கூடம் முழுக்கப் பரவுகிறது. பேன் வருகிறது என்று பெண்கள் உட்பட எல்லோருக்கும் மொட்டை அடித்திருந்தால், அங்கே ஆட்களின் வசதிக்காக இல்லம் நடக்கவில்லை, இல்லத்தின் வசதிக்காக ஆட்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழிப்பறைக்குக் கதவும், பிடித்து எழ ஒரு கம்பியும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக இருப்பது நல்லது. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடு பிரச்சினை தெரிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதா, போர் தண்ணீரையே குடிக்கிறார்களா? பல வருஷம் அதையே குடிப்பவருக்கு மூட்டும் முதுகும் வலிக்கத் தொடங்கினால் சொல்லவும் தெரியாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் மார்கழிக் குளிருக்குக் கம்பளி இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

பூட்டு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். வெளி கேட் பூட்டியிருப்பது புரிந்துகொள்ளக்கூடியது. ஓடிப்போய் ரோட்டில் அடிபடுகிறவர்கள் உண்டு. படுக்கும் அறையை வெளியிலிருந்து பூட்டுவது, ஆளைக் கட்டிவைப்பது, இரண்டையும் ஏற்கவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியால் கட்டிவைத்திருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சாவி ராத்திரி யாரிடம் இருக்கும், இன்னொரு வழி எங்கே, கடைசியாகத் தீ ஒத்திகை எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

மொழியையும் விட்டுவிடாதீர்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த பிள்ளை, தமிழ் மட்டும் தெரிந்த ஊழியர்களிடம் போனால், கொஞ்சநஞ்சம் பேசியதும் நின்றுபோகும். 'நீளு' என்று கத்துகிறவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தெரியாமல், தொந்தரவு செய்கிறான் என்று ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்கள்.

நிர்வாகியிடம் கேட்க வேண்டியவை

ராத்திரி பத்து மணிக்கு எத்தனை ஊழியர்கள், எத்தனை பேருக்கு? விழித்திருப்பார்களா, தூங்குவார்களா? 'இருக்காங்க சார்' என்பது பதில் ஆகாது. பெயர் சொல்லச் சொல்லுங்கள். பெண்கள் பகுதியில் ராத்திரி பெண் ஊழியர்தானா? ஊழியர்களைச் சேர்க்கும் முன் போலீஸ் சரிபார்ப்பு செய்தார்களா? போன வருஷம் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. மாதத்துக்கு ஓர் ஆள் மாறும் இடத்தில் உங்கள் பிள்ளையின் வலி எந்த முகத்தில் தெரியும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பார்த்த ஓர் இல்லத்தில் ஓர் அக்கா, ஒரு பையன் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு படுத்தால் அவனுக்குப் பல்வலி என்று அடித்துச் சொன்னார். டாக்டரிடம் காட்டியபோது கடைவாய்ப் பல் சொத்தை. வருஷக்கணக்கில் கூடவே இருந்தவருக்குத்தான் அது தெரியும்.

யாராவது முரண்டு பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'ஒரு அதட்டு போட்டா அடங்கிடுவாங்க' என்று சிரித்தபடி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 'ஏன் என்று முதலில் பார்ப்போம். பசியா, மலச்சிக்கலா, சத்தமா' என்கிறவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

மாத்திரை அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் எல்லோருடைய மாத்திரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அட்டைகளைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். மருந்தின் பெயரும் போயிற்று, காலாவதித் தேதியும் போயிற்று. நிறத்தைப் பார்த்து, ஞாபகத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு டப்பா, பெயர், போட்டோ, டாக்டர் சீட்டின் நகல், கொடுத்தவுடன் நேரம் போட்டுக் கையெழுத்திடும் நோட்டு. இவ்வளவு போதும், கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டாம்.

ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் யாருக்கெல்லாம் போகின்றன, எதற்காக, எந்த டாக்டர் எழுதியது, கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார் என்பதும் முக்கியம். இவை மனநல மருந்துகள். தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மருந்தால் ஈடுகட்டுவது உலகம் முழுக்க நடக்கிற தப்பு. மாலை ஆறு மணிக்கே கூடம் முழுவதும் வாய் ஒழுகத் தூங்கி விழுந்துகொண்டிருந்தால் அதை அமைதி என்று நினைத்துவிடாதீர்கள்.

வலிப்பு, சாப்பாடு, குளியல்

இல்லங்களில் தடுக்கக்கூடிய சாவுகள் பலவும் இந்த மூன்றைச் சுற்றித்தான். அடி உதையைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு இவற்றைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு இருக்கிறது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கு அடியில் துணி வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. கையில் இரும்புச் சாவி கொடுப்பது இன்னும் நம் பக்கம் நிற்கவில்லை. அதைத் தேடி ஓடுகிற நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். சமையல்காரர், வாட்ச்மேன் உட்பட எல்லோரும் இதைச் சொல்கிறார்களா என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். மாத்திரை ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரும் ஆட்கள் இருக்கிறார்கள். மருந்து தீர்வதற்கு எத்தனை நாள் முன்பு வாங்குகிறார்கள் என்று கேட்கவும் மறக்காதீர்கள்.

குளியலில்தான் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். 2013-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், வலிப்பு நோய் இருந்த 18 வயது இளைஞன் ஒரு பராமரிப்புப் பிரிவில் குளியல் தொட்டியில் தனியாக இருந்தபோது வலிப்பு வந்து மூழ்கிப்போனான். நம் ஊரில் தொட்டி இல்லையே என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் நிரம்பிய சிமென்ட் தொட்டியும் பெரிய பக்கெட்டும் இருக்கின்றன. வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போகும் பழக்கமும் இருக்கிறது. வலிப்பு உள்ளவர் குளிக்கும்போது ஓர் ஆள் காதுக்கு எட்டும் தூரத்தில் இல்லை, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களுக்குச் சாப்பாடே ஆபத்து. மூச்சுக்குழலுக்குள் போன சாப்பாடு உடனே கொல்லாவிட்டாலும் நிமோனியாவாகத் திரும்பி வரும். நம் பக்கத்துக் களியை மெல்லாமல் விழுங்கித்தான் பழக்கம். நமக்கு அது சரி. விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாதவருக்கு அந்த உருண்டை தொண்டையில் அடைக்கும். நன்றாக நடக்கிற ஓர் இல்லத்தில் ஊட்டும் விதத்தைப் பார்த்தேன். அந்த அம்மா பையனை நிமிர்த்தி உட்கார வைத்து, களியைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி, கீரைக் கடைசலில் தோய்த்து வாயில் வைத்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கிள்ளினார். நடுவில் போன் அடித்தது, எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் படுக்க விடாமல் திண்ணையில் உட்கார வைத்தார். இதே வேலையைப் படுக்க வைத்தபடி, அவசர அவசரமாக, ஒரே ஆள் பத்துப் பேருக்குச் செய்வதையும் பார்க்கலாம். சாப்பிடும்போது இருமல், புரை ஏறுதல், அடிக்கடி சளிக்காய்ச்சல் இருந்தால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூழாகக் கரைத்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்றும் இல்லை. சிலருக்கு நீர்த்ததுதான் புரையேறும்.

மலச்சிக்கல் சிரிப்பான விஷயமாகத் தோன்றும். சொல்லத் தெரியாதவருக்குக் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்வரை தெரியாது. யார் எப்போது போனார் என்று குறித்து வைக்கும் இல்லம் விவரமான இல்லம்.

பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம்

சேர்க்கும் நாளில் பையோடு ஒரு தாளும் போக வேண்டும். உள்ளூர்த் தமிழில், பெரிய எழுத்தில், சமையலறைச் சுவரில் ஒட்டும்படி எழுதுங்கள். தண்ணீருக்கு எப்படிக் கேட்பார், மூத்திரம் வந்தால் என்ன செய்வார், வலித்தால் எப்படித் தெரியும், எதற்குப் பயம், எந்தச் சத்தம் ஆகாது, எதைக் கொடுத்தால் அமைதியாவார், எப்படிப் படுத்தால் தூக்கம் வரும். வலிப்பு வரும் விதத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தால் அந்த வீடியோவையும் கொடுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டு பரிசோதனை எப்போது செய்தது, இதயத்தில் பிரச்சினை உண்டா என்பதும் இருக்கட்டும். இன்றைய எடையைக் கட்டாயம் எழுதுங்கள். பின்னால் இந்த ஒரு எண் நிறையப் பேசும்.

பணமும் ஒப்பந்தமும்

கட்டணம், அதில் எது எது அடங்கும், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா, எந்தக் காரணத்துக்காக வெளியே அனுப்புவார்கள், அட்வான்ஸ் திரும்ப வருமா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அரசு நிதியுதவி பெறும் இல்லம் கட்டணமும் கேட்டால் எந்த அடிப்படையில் என்று நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஏடிஎம் கார்டை இல்லத்திடம் ஒப்படைக்காதீர்கள். 'ஆயுளுக்கும் பார்த்துக்கிறோம், நிலத்தை டிரஸ்ட் பேருக்கு எழுதிடுங்க' என்ற பேச்சு வந்தால், எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், வக்கீலைப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்தில் கேட்கலாம், அல்லது 15100.

முதல் மூன்று மாதம்

ஒரேயடியாக விட்டுவிட்டு வராதீர்கள். பகலில் சில மணி நேரம், அப்புறம் ஒரு ராத்திரி, அப்புறம் ஒரு வாரம் என்று பழக்குங்கள். 'ஒரு மாசம் வராதீங்க, வந்தா அழுவான்' என்று சில இடங்களில் சொல்வார்கள். அழட்டுமே. அழுகிறவன் உங்களைப் பார்த்து அழுகிறான். பார்க்கவே முடியாமல் இருப்பது அவனுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. பார்க்க விடமாட்டோம் என்ற நிபந்தனையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வீட்டில் ஒருவர் மட்டும் போவதற்குப் பதில் முறை வைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் ஒரு வாரம், அக்கா புருஷன் ஒரு வாரம், பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வாரம். கிழமையும் நேரமும் மாற வேண்டும். போகிறவர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது: எடை, பல், நகம், தோல், துணி, மாத்திரை நோட்டு. பொங்கலுக்கும் ஆடி 18-க்கும் வீட்டுக்குக் கூட்டி வரும்போது நீங்களே குளிப்பாட்டுங்கள். முழு உடம்பையும் பார்க்க அதுதான் இயல்பான வழி.

திரும்பிப் போக மறுப்பது மட்டுமே கெட்டதற்கு அடையாளம் ஆகாது. வீட்டை விட்டு யாருக்குத்தான் போக மனம் வரும்? கவலைப்பட வேண்டியவை வேறு. கை ஓங்கினால் தலையை மறைத்துக்கொள்வது. ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் உடம்பு இறுகுவது. புஜத்தின் உட்பக்கம், தொடை, முதுகில் கன்றிய தழும்புகள். புதிதாகப் படுக்கையில் மூத்திரம் போவது. எடை இறங்குவது. முன்பு செய்த வேலையை, உதாரணத்துக்குத் தானே சட்டைப் பொத்தான் போடுவதை, மறந்துவிடுவது. இவற்றுக்கு நோயும் காரணமாக இருக்கலாம். அதனால் முதலில் டாக்டர்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

மாதவிடாய் நாட்களில் யார் உதவுகிறார்கள், தேதி குறிக்கிறார்களா என்று கேளுங்கள். தேதி தள்ளிப்போனால் அன்றைக்கே கவனிக்க இது ஒன்றுதான் வழி. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லையில்லை என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1994-இல் புனேயில் ஒரு அரசு இல்லத்துப் பெண்களுக்கு அப்படிச் செய்ததற்கு நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. இன்றைய சட்டப்படி, முழு விவரமும் தெரிந்த சுயமான சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை எதையும் செய்யக் கூடாது. அதோடு, கர்ப்பப்பை இல்லையென்றால் வன்கொடுமை நின்றுவிடாது. நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

ஏதோ சரியில்லை என்று தெரிந்தால்

ஆபத்து இப்போதே இருக்கிறது என்றால் முதலில் ஆளை வெளியே கூட்டி வாருங்கள். வாக்குவாதம் பிறகு. தனியாக முடியாவிட்டால் 112. பாலியல் கொடுமை என்ற சந்தேகம் இருந்தால் குளிப்பாட்டாதீர்கள், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் 1098. போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 'உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம், மற்ற பிள்ளைகள் நடுத்தெருவுக்கு வந்துடும்' என்று கெஞ்சுவார்கள். மற்ற பிள்ளைகளுக்காகத்தான் புகார் கொடுக்க வேண்டும். அவர்களில் பலருக்குக் கேட்க ஆளே இல்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் இல்லத்தில் நடந்ததெல்லாம் வெளியே வந்ததும் ஒருவரைக் காணவில்லை என்று அவருடைய உறவினர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போனதால்தான்.

காயம் இருந்தால் தேதியோடு போட்டோ எடுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நகல் கேளுங்கள். அடுத்து எழுத்துப் புகார். என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதி, யார் பொறுப்பில் இருந்தார்கள் என்பது மட்டும் போதும்; கோபத்தை எழுத வேண்டாம்.

சின்னக் குறைகளுக்கு முதலில் நிர்வாகி, சரிசெய்ய ஒரு வாரம். நகராவிட்டாலோ பெரிய விஷயம் என்றாலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுத்து எண் வாங்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல், 2016 சட்டத்தின் 7-ஆவது பிரிவு. கொடுமை நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், அந்த எல்லைக்குட்பட்ட நிர்வாக நடுவரிடம், அதாவது கோட்டாட்சியரிடம், யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர்; கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய இடங்களில் கோட்டாட்சியர் இருக்கிறார். ஆளை மீட்கவும் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. தாக்குவது, வேண்டுமென்றே சாப்பாடு தராமல் இருப்பது, பாலியல் ரீதியாகச் சுரண்டுவது போன்றவற்றுக்கு 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இல்லத்தை மாற்றுவதென்று முடிவானால், கிளம்பும் நாளன்று மாத்திரை நோட்டின் கடைசி மூன்று மாதப் பக்கங்கள், டாக்டர் சீட்டுகள், எடைக் குறிப்பு மூன்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரை குறைந்தது பதினைந்து நாளைக்குக் கையில் இருக்கட்டும். புது இடத்தில் டாக்டர் பார்க்கும்வரை எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.